பிரிக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

அப்பாவின் புல்லட்டையோ தாத்தாவின் ஜாவாவையோ கொட்டகையிலிருந்து உருட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் பேரீச்சம்பழத்துக்குப் போட இருந்த வண்டியை மறித்து நின்று காப்பாற்றியவர்கள் நீங்கள். அந்த அக்கறை பெரிது. ஆனால் அடுத்து நீங்கள் செய்யப்போவதை நினைத்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். கடைசி போல்ட் வரைக்கும் வண்டியைப் பிரித்து, ஒரு பட்டறையில் ஒப்படைத்து, மொத்தமாகப் புதுப்பித்து, ஷோரூமில் இருந்து அன்றுதான் இறக்கியதுபோல் நிறுத்த வேண்டும் என்பது உங்கள் திட்டம். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடுங்கள். என் கண்ணெதிரே வீணாகிப்போன பழைய வண்டிகளில் துருப்பிடித்து வீணானவை குறைவு. புதுப்பிக்கிறேன் என்று இறங்கி வீணாக்கப்பட்டவையே அதிகம்.

உங்கள் வாசலில் நிற்பது என்ன என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். புல்லட் என்றால் அது 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பிள்ளை. இங்கிலாந்தில் அதைப் பெற்ற தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கதவை மூடிவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே 70க்கு 90 மில்லிமீட்டர் போர், ஸ்ட்ரோக் அளவில், அதே வார்ப்பிரும்பு சிலிண்டரில் அது பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது. ஜாவா அல்லது யெஸ்டி என்றால் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்தது. அந்த ஆலை 1996இல் நின்றது. இனி ஒரு வண்டி அந்த வாசல் வழியே வெளியே வராது. இருப்பதுதான் இருக்கிறது.

புல்லட்டின் டேங்கில் ஓடும் தங்கக் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அது ஸ்டிக்கர் இல்லை. தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் கையால் இழுத்த கோடு. இடப்பக்கக் கோட்டுக்கும் வலப்பக்கக் கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். பெயின்ட் மங்கியிருக்கலாம், அப்பாவின் முட்டி உரசிய இடத்தில் உலோகமே தெரியலாம். பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அரைமணி நேரத்தில் அந்தக் கோடு காணாமல் போகும். அப்புறம் எத்தனை லட்சம் செலவழித்தாலும் உங்களுக்குக் கிடைப்பது இன்னொருவர் போட்ட வேறொரு கோடு.

அழகை மட்டும் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் அறுபதுகளில் வாங்கிய ஜாவா ஒன்று இருந்தது. பார்க்கச் சுமார்தான், ஆனால் இரண்டு மிதியில் ஸ்டார்ட் ஆகும். பேரன் ஆசை ஆசையாக அதைப் புதுப்பிக்கக் கொடுத்தான். இன்ஜினின் வெளிப்பக்கம் வெள்ளையாக வர வேண்டும் என்று கிராங்க் கேஸுக்கு மணல் பீய்ச்சினார்கள். மணல் மேலே மட்டும் பட்டுவிட்டுப் போகாது. பேரிங் உட்காரும் குழியிலும், ஆயில் போகிற நூல் போன்ற வழிகளிலும், ஸ்டட் துளைகளின் அடியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஒவ்வொரு துளையாகக் கழுவி, ஊதி, மறுபடி கழுவி எடுக்கப் பொறுமை வேண்டும். அங்கே அந்தப் பொறுமை இல்லை. வண்டி திரும்பி வந்த அன்று தெருவே கூடிநின்று பார்த்தது. முதல் நீண்ட பயணத்திலேயே கிராங்க் பேரிங் அரைபட்டு, பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் இறுகி நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றிய பழைய பேரிங், பழைய கார்புரேட்டர், பழைய பாயிண்ட் எல்லாம் எங்கே என்று கேட்டால், எடைக்குப் போட்டுவிட்டோம் என்று பதில். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்தப் பதிலின் மேல்தான். மணல் தெரியாமல் செய்த பிழை என்றாவது வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுப் பொருளைக் கேட்காமல் எடைக்குப் போட யார் அனுமதி கொடுத்தது?

ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் போடலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். பளிச்சென்று இருக்கும், பல வருஷம் உழைக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சு தடிமனாக உட்காரும். ஃபிரேமில் தட்டியிருக்கும் எண்ணை மூடிவிடும். மரையை அடைக்கும். எர்த் ஒயர் தொடும் இடத்தில் மின்சாரத்தை மறிக்கும், அப்புறம் ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறதே என்று ஒயரிங் முழுவதையும் மாற்றுவீர்கள். எண் மங்கிவிட்டது என்று யாராவது தேய்த்துவிட்டு மறுபடி பஞ்ச் அடித்தால் கதை முடிந்தது. எஃப்.சி.க்குப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் ஃபிரேமையும் ஒத்துப் பார்ப்பார்கள். தேய்த்த எண் திருட்டு வண்டியின் அடையாளம். உங்கள் தாத்தா நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு நீங்கள் ஏன் அந்தச் சந்தேகத்தை வாங்கிக்கொடுக்க வேண்டும்?

சட்டமும் நான் சொல்கிற பக்கம்தான் நிற்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அன்றாடம் ஓட்ட முடியாது என்ற கட்டுப்பாடும் உண்டு, ஆகவே எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனால் அந்த விதி கேட்கும் முக்கியமான தகுதியைக் கவனியுங்கள்: வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிதாக மாற்றியமைத்திருக்கக் கூடாது. பின்பக்க ஃபிரேமை அறுத்து, ஒற்றை சீட் வைத்து, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி கஃபே ரேசர் செய்கிறவர்களுக்கு இந்தப் பதிவு எட்டாக்கனி. அதற்கும் முன்னால், ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. அறுத்த ஃபிரேமை மறுபடி ஒட்ட வைத்தாலும் அது பழைய ஃபிரேம் ஆகாது.

சரி, புகை வருகிறதே, அதற்கு இன்ஜினைப் பிரிக்காமல் என்ன செய்வது என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் மாதக்கணக்கில் நின்றால், ஆயில் தன் அறையிலிருந்து பம்ப் வழியே மெல்ல மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் அடிப்பகுதியில் தேங்கிவிடும். அப்படியே மிதித்து ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் நீலப்புகை கக்கும், பிரீதர் குழாயில் ஆயில் கொப்பளிக்கும். பார்த்தவுடன் பக்கத்து வீட்டுக்காரர் ரிங் போய்விட்டது என்பார். பட்டறையில் போர் போய்விட்டது என்பார்கள். இன்ஜின் இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது என்ன தெரியுமா? அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் அளவைச் சரிபார்த்து, ஸ்டார்ட் செய்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேலும் புகை நிற்கவில்லை என்றால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

ஜாவாவிலும் யெஸ்டியிலும் புகையின் காரணம் வேறு. கிராங்கின் இடப்பக்க ஆயில் சீல் காய்ந்து வெடித்தால், பக்கத்து அறையில் இருக்கும் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளையாகப் புகையும், ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். டைனமோ இருக்கும் வலப்பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ஆக்சிலரேட்டரை விட்டாலும் வண்டி தானாகவே இரையும். இரண்டும் ஒரு ரப்பர் வளையத்தின் வேலை. இடப்பக்கத்தது என்றால் செலவுக்கு முன்னாலேயே ஆயில் குச்சி உங்களிடம் சொல்லிவிடும். பிஸ்டனும் போரும் ஒரு பாவமும் அறியாதவை.

போரைப் பற்றி ஏன் இத்தனை பதறுகிறேன் என்றால், சிலிண்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் கடைய முடியாது. ஒவ்வொரு ரீபோருக்கும் சிலிண்டர் கொஞ்சம் அகலும், அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். புல்லட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை படிப்படியாகப் போகலாம், அதோடு சரி. அப்பா அந்தப் படிகளில் ஒன்றிரண்டை ஏற்கெனவே செலவழித்திருப்பார். தேவையில்லாமல் கடையும் ஒவ்வொரு முறையும் உங்கள் பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் படியை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஸ்லீவ் போடலாமே என்பீர்கள். போடலாம். கோயம்புத்தூரில் அதை அருமையாகச் செய்யும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் அது வேறு வழியே இல்லாதபோது.

மாற்ற வேண்டியவற்றை மாற்றத்தான் வேண்டும். வெடித்த டயரையும், காய்ந்த பெட்ரோல் குழாயையும், நூல் நூலாகப் பிரிந்த பிரேக் கேபிளையும் பழமை என்று வைத்துக்கொண்டிருப்பது அசட்டுத்தனம், உயிர் போகும் காரியம். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மெக்கானிக் கடையில் பார்த்த பழக்கத்தில் பெட்ரோலில் கை கழுவாதீர்கள். சோப்பே போதும்.

இன்னொன்றும் இப்போது கட்டாயம் கவனிக்க வேண்டியது. இன்று பங்குகளில் நீங்கள் போடும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. உங்கள் வண்டியை வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு பெட்ரோலை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நின்றுபோன வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பெட்ரோல் டேப்பில் இருக்கும் கார்க்கையும் பழைய ரப்பரையும் அது கெடுக்கும். டேங்க் ஓட்டையை அடைக்க உள்ளே பூசும் சில பூச்சுகளையும் கரைத்துவிடும். கரைந்த பூச்சு கார்புரேட்டர் ஜெட்டில்தான் வந்து நிற்கும். வழி எளிது. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானாக அணையும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். குழாயை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். பழைய பெட்ரோல் தங்காத வண்டிக்குப் பாதி நோய் வராது.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னால் உங்களில் சிலருக்கு நம்பிக்கை வருவதில்லை. இந்த வண்டிகள் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கென்றே பிறந்தவை. புல்லட்டின் டேப்பட் செட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க வேண்டும். வலப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடும் தெரியும். விரலால் திருகினால் ராடு தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு விரல் நுனிதான் கருவி. பிளாட்டினம் பாயிண்ட்டுக்கு ஒரு ஃபீலர் கேஜ் வேண்டும். புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஜாவாவுக்கு 0.4. பாயிண்ட் முகத்தில் குழியும் மேடும் இருந்தால் மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். கார்புரேட்டர் ஜெட் அடைத்திருந்தால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் மைலேஜ் போச்சே என்று வண்டியைத் திட்டுவீர்கள்.

பழைய புல்லட்டில் நிறைய நட்டுகள் இன்ச் அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி முறுக்கினால் மூலை மழுங்கும். நல்ல இன்ச் ஸ்பேனர் செட் ஒன்றை சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ தேடி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குரோமுக்கு எடுத்துவைத்த பணத்தில் இது சிறு துளி.

வண்டியைத் தெரிந்துகொள்வது என்பது ஸ்டார்ட் செய்வதிலேயே தொடங்குகிறது. புல்லட்டில் சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஆம்ப் மீட்டர் முள் ஒரு கட்டத்தில் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு சிறு தள்ளு, விட்டுவிட்டு முழு மிதி. கிக் திருப்பி அடிக்காது, கணுக்கால் பிழைக்கும். செல்ஃப் ஸ்டார்ட் பொத்தான் வைத்துத் தருகிறோம் என்று கேஸை அறுக்க வருகிறவர்களிடம் வண்டியைக் கொடுப்பதற்கு முன், இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷன், பிரகாசமான பல்பு, 12 வோல்ட் மாற்றம் இவற்றை நான் தடுக்க மாட்டேன். அன்றாடம் ஓட்டுகிறவருக்கு அவை உதவிதான். நான் கேட்பது ஒரே நிபந்தனை: திரும்பக் கழற்றிப் பழையதை மாட்ட முடிகிற மாற்றமாக இருக்கட்டும். துளை போடாமல், அறுக்காமல், வெல்டிங் வைக்காமல்.

இதில் நீங்கள் தனியாக இல்லை. உங்கள் ஊரில் புளியமரத்தடியிலோ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலோ ஒரு பட்டறை இருக்கும். அங்கே அறுபது, எழுபது வயதில் ஒருவர் இருப்பார். சத்தத்தை வைத்தே கனெக்டிங் ராடின் பெரிய முனை தேய்ந்ததா, பிஸ்டன் பின் தேய்ந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார், அதில் மகன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாம் அந்தப் பெரியவருக்குக் கொடுத்த கூலி அப்படி. பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் லட்சங்களைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். டைமிங் வைத்துக் கொடுத்தவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இதுதான் என் மனதை மிகவும் வருத்துவது. அந்தக் கைகளில் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. மைசூர் ஆலையும் இல்லை, பழைய உதிரி பாகங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. கடையில் கிடைக்கும் போலி பாயிண்ட் செட்டின் குதிகால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்ளும். பழைய அசல் பாயிண்ட்டை எப்படித் தேய்த்து மறுபடி ஓடவைப்பது என்று தெரிந்தவர் அவர்தான்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. முழுசாகப் பிரிக்கும் யோசனையை ஒரு வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள். இந்த ஒரு வருஷமும் பிரேக், டயர், கேபிள், குழாய், ஆயில், பாயிண்ட், பிளக் என்று ஓடத் தேவையானதை மட்டும் பார்த்து வண்டியை ஓட்டுங்கள். உங்களால் முடிகிற வேலையை நீங்களே செய்யுங்கள். முடியாததற்கு அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக்கொடுங்கள். அவர் சொல்கிற அளவையும் காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், சத்தங்களை போனில் பதிவு செய்யுங்கள், அன்றைய கூலியைப் பேரம் பேசாமல் கையில் கொடுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும், உடைந்ததே ஆனாலும், பெயர் எழுதி ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வையுங்கள். பட்டறையில் விட வேண்டிவந்தால், பழைய பாகம் அத்தனையும் திரும்ப வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். ஃபிரேம் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் இன்றைக்கே புகைப்படம் எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். எஃப்.சி. காலாவதி ஆகியிருந்தால் முதல் வேலையாக அதைப் புதுப்பியுங்கள்.

வருஷம் முடிந்த பிறகும் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் பிரியுங்கள். அப்போது எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பட்டறைக்காரருக்கு நீங்களே சொல்லும் நிலையில் இருப்பீர்கள்.

அன்புடன்,
பழைய வண்டியில் வளர்ந்த ஒருவர்